வலது கையில் இருக்கிறது எக்கோ

பழைய ராக் அண்ட் ரோல் கிட்டார் கற்க வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த பெடல் சார் வாங்கணும்?" கல்லூரிப் பையனும் கேட்கிறான், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் கேட்கிறார். இதை எழுதுபவர் பெடல் பெயர் எதையும் சொல்வதில்லை. கிட்டாரை ஆம்ப்பில் நேராகச் செருகச் சொல்லி, இடது கையால் கம்பிகளை மெல்ல அழுத்தி ஒலியை அடைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் தாளம் அடிக்கச் சொல்கிறார். அந்தத் தாளம் நிற்கும்வரை வேறு பாடம் கிடையாது.

காரணம் இருக்கிறது. 1954-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக் கிட்டார்காரர் ஒருவரிடம் போய் பெடல் பற்றிக் கேட்டிருந்தால் அவர் விழித்திருப்பார். அவரிடம் இருந்தது ஒரு கிட்டார், ஒரு கேபிள், ஒரு சின்ன வால்வு ஆம்ப். இன்று நாம் 'எஃபெக்ட்' என்று கடையில் வாங்கும் ஒலிகளெல்லாம் அன்று நாடாவிலும், ஸ்பீக்கர் காகிதத்திலும், ஸ்டுடியோவின் நடைவழியிலும் பிறந்தன. வாசித்தவர்கள் அந்த ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டே வாசித்தார்கள். கை அதற்கேற்ப மாறியது. அந்தக் கையைக் கற்காமல் ஒலியை மட்டும் வாங்க முடியாது என்பதுதான் இத்தனை வருட வாசிப்பிலும் பாடத்திலும் இதை எழுதுபவர் கண்டது.

மெம்ஃபிஸில், யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சிறிய ஸ்டுடியோவிலிருந்து தொடங்குவது நல்லது. 1954 ஜூலை 5 இரவு எல்விஸ் பிரெஸ்லி, கிட்டாரில் ஸ்காட்டி மூர், டபுள் பாஸில் பில் பிளாக் என்று மூன்றே பேர் அங்கே 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைப் பதிவு செய்தார்கள். ஆர்தர் க்ருடப் என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர் எழுதி 1946-இல் பாடியிருந்த பாட்டு அது. டிரம்ஸ் கிடையாது. மூன்று பேர் சத்தம் எப்படி ஒரு முழுக் குழுவின் சத்தமாக நிறைகிறது என்று கேட்டால், பதிலில் பாதி ஃபிலிப்ஸ் கையாண்ட எக்கோ. மறுபாதி மூரின் கட்டைவிரல்.

ஃபிலிப்ஸிடம் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று பாட்டைப் பதிவு செய்யும். இன்னொன்றுக்கும் அதே ஒலி போகும். அங்கே நாடா முதலில் பதியும் தலையைத் தொடும், சுமார் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் வாசிக்கும் தலையை அதன் பிறகு தொடும். நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடினால் அந்த இடைவெளியைக் கடக்க ஏறக்குறைய 130 மில்லி விநாடி ஆகும். அத்தனை தாமதத்தோடு வரும் ஒலியை அசலோடு கலந்துவிடுவார். மலையடிவாரத்தில் கூப்பிட்டால் வரும் நீண்ட எதிரொலி மாதிரி இது இழுபடாது. ஒரே ஒரு முறை, பட்டென்று திரும்பி வந்து நின்றுவிடும். ஸ்லாப்பேக் என்பது இதன் பெயர்.

இதன் கணக்கைக் கையில் போட்டுப் பார்த்தால்தான் மர்மம் விலகும். நிமிடத்துக்கு 160 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 375 மில்லி விநாடி. அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 125. அதாவது ஸ்லாப்பேக் தாமதம் ஏறத்தாழ திஸ்ர நடையில் ஒரு மாத்திரை. 'தகிட' என்று சொல்லிக்கொண்டு, ஷஃபிள் வாசிப்பதுபோல் 'த'விலும் 'ட'விலும் மட்டும் கம்பியைத் தட்டுங்கள். 'த'வின் எக்கோ 'கி'யில் விழும். 'ட'வின் எக்கோ அடுத்த 'த'வின் மேலேயே விழுந்து அதைக் கனமாக்கும். வாசித்தது இரண்டு, காதில் விழுவது மூன்று, அதிலும் முதல் அடிக்கு இரட்டை அழுத்தம். டிரம்ஸ் இல்லாத குறை தெரியாமல் போவதில் இந்தக் கூட்டுக்கு நிச்சயம் பங்கு உண்டு. கை கொஞ்சம் முந்தினால் அல்லது பிந்தினால் எக்கோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே வாசலில் இடித்துக்கொள்வதுபோலக் கேட்கும். வேகம் மாறினால் பொருத்தமும் மாறும் என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

ஸ்டுடியோவில் கிடைத்த ஒலியை மேடைக்கு எப்படிக் கொண்டுபோவது? மூருக்கு விடை வானொலியில் கிடைத்தது. செட் அட்கின்ஸ் வாசித்த 'மிஸ்டர் சாண்ட்மேன்' பதிவில் அந்த எக்கோ கிட்டாரிலிருந்தே வந்தது. விசாரித்தபோது, இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ரே பட்ஸ் என்பவர் ஆம்ப்பின் பெட்டிக்குள்ளேயே நாடா எக்கோவைப் பொருத்தி, எக்கோசானிக் என்ற பெயரில் கையாலேயே செய்து கொடுக்கிறார் என்று தெரிந்தது. அட்கின்ஸிடம் ஒன்று இருந்தது. 1955-இல் மூரும் ஒன்றை வாங்கினார். அதோடு பதிவான முதல் பாட்டு 'மிஸ்டரி ட்ரெய்ன்'. அதைக் கேட்கும்போது எக்கோவைத் தேடாமல், மூர் எங்கெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்று கேட்க வேண்டும். எக்கோ வந்து உட்கார இடம் விட்டு வாசித்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆர்சிஏ நிறுவனம் நாஷ்வில்லில் எல்விஸின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாட்டைப் பதிவு செய்தபோது, ஃபிலிப்ஸ் ஸ்டுடியோவின் அந்த எக்கோ அவர்களுக்குப் பிடிபடவில்லை. கட்டடத்தின் நடைவழியில் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து வேறு வகை எக்கோவை உண்டாக்கினார்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் நாடா எக்கோவுக்கும் அறை எக்கோவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர ஆசிரியரே வேண்டாம்.

இனி கட்டைவிரல். கென்டக்கியின் சுரங்கப் பகுதியில் வளர்ந்த மெர்ல் டிராவிஸ், கட்டைவிரலால் பாஸ் கம்பிகளில் தாளத்தை விடாமல் ஓட்டி, ஆட்காட்டி விரலால் மேலே பாட்டை வாசித்தார். அட்கின்ஸ் அதைக் கேட்டு வளர்ந்து, கூடுதல் விரல்களைச் சேர்த்தார். மூர் அந்த இருவரையும் கேட்டவர். இந்தப் பரம்பரையைக் கற்க ஒரே வழி, கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துப் பழக்குவது. இதை எழுதுபவர் தன் மாணவர்களைக் கட்டைவிரலை ஓடவிட்டுக்கொண்டே பேசச் சொல்வார். வீட்டு முகவரி, காலையில் சாப்பிட்டது, எது வேண்டுமானாலும். பேச்சில் தடுமாற்றம் இல்லாமல் கட்டைவிரல் ஓடினால் மற்ற விரல்களுக்கு வேலை கொடுக்கலாம். அதற்கு முன் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கெடுக்கும்.

காதால் கற்பது பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கால இளைஞர்களுக்குப் புத்தகமோ ஆசிரியரோ கிடைப்பது அரிது. ரெக்கார்ட் பிளேயர்தான் குரு. பல பிளேயர்களில் நிமிடத்துக்கு 16 சுற்று என்ற வேகமும் இருந்தது. 33 சுற்று இசைத்தட்டை அதில் ஓடவிட்டால் வேகம் பாதியாகும், சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். ஸ்வரங்கள் அதே ஃப்ரெட்டுகளில் கிடைக்கும். 45 சுற்றுத் தட்டை 33-இல் ஓட்டினால் சுருதி ஐந்து ஃப்ரெட் அளவுக்குச் சற்று மேலாகவே இறங்கும், கிட்டாரை அதற்கேற்பத் தளர்த்திக்கொள்ள வேண்டும். இன்று கைப்பேசியிலேயே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம். ஆனாலும் பழைய முறையில் ஒரு நன்மை இருந்தது. ஸ்வரம் இறங்கித் தடித்து ஒலிக்கும்போது, பிக் கம்பியில் படும் கணமும் அது விலகும் கணமும் தனித்தனியாகத் தெரியும். எது கீழ்நோக்கிய அடி, எது மேல்நோக்கிய அடி என்று பிரித்துவிடலாம். டெக்ஸஸ்காரரான பட்டி ஹாலியின் 'பெகி சூ'வை இப்படிக் கேட்டால், கிட்டார் முழுவதும் கீழ்நோக்கிய அடிகளால் ஓடுவது விளங்கும். 1957-இல் நியூ மெக்சிகோவின் க்ளோவிஸ் ஊரில் பதிவானது அது. அந்தக் கை சோலோவுக்காகக்கூட நிற்க முடியாது என்பதால், குழுவின் இன்னொரு கிட்டார்காரரான நிக்கி சலிவன் பக்கத்தில் நின்று ஹாலியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் சுவிட்சைத் தட்டிவிட்டாராம்.

சக் பெரிக்கு வந்தால் பாடம் கடினமாகிறது. கடினம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். உலகமெங்கும் கிட்டார் பிடித்த பிள்ளைகள் முதலில் வாசிக்க முயல்வதே 'ஜானி பி. கூட்' தொடக்கத்தைத்தான். 1958 ஜனவரியில் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்காகப் பதிவானது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டிலும் இடம்பெற்றது. அதன் தொடக்கம் பெரியின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லூயி ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் 1946-இல் வாசித்த ஒரு தொடக்கத்திலிருந்து எடுத்தது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் முறை டி-போன் வாக்கரிடமிருந்து வந்தது. இந்த இருவரின் பெயரையும் சொல்லாமல் பெரியைக் கற்றுத்தருவது சரியான பாடம் ஆகாது என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து.

கஷ்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது ஸ்கேல். பாட்டு பி-ஃப்ளாட்டில் இருக்கிறது. பியானோவுக்கும் ஊது கருவிகளுக்கும் வசதியான ஸ்கேல், கிட்டாருக்குத் திறந்த கம்பிகள் அதிகம் உதவாத ஸ்கேல். ரிதம் வாசிக்கும்போது ஆட்காட்டி விரல் தடித்த கம்பியில் 6-ஆம் ஃப்ரெட்டில் நிற்க, சுண்டுவிரல் அடுத்த கம்பியில் 10-ஆம் ஃப்ரெட்டுக்கு நீள வேண்டும். பெரியின் கைகள் பெரியவை. நம் கைக்கு வலிக்கிறது என்று ஏ ஸ்கேலுக்கு மாற்றித் திறந்த கம்பியில் வாசித்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் திறந்த கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும். பெரியின் ரிதத்துக்கு உயிரே, அடித்த உடனே அடங்கும் அந்தக் கட்டுப்பாடு. விரலைத் தளர்த்தினால் ஒலி நிற்க வேண்டும். அது பிடித்த ஃப்ரெட்டில்தான் முடியும்.

இரண்டாவது நடை. டிரம்ஸில் ஃப்ரெட் பிலோ, பாஸில் வில்லி டிக்சன், பியானோவில் லஃபாயெட் லீக் என்று பெரியோடு இருந்தவர்கள் ப்ளூஸில் ஊறியவர்கள். அவர்கள் கை இயல்பாகவே திஸ்ரத்தில் ஊஞ்சலாடும். பெரியோ அவர்களுக்கு மேலே சதுஸ்ரத்தில் நேராக அடிக்கிறார். இரண்டு நடையும் ஒரே அடியில் சந்தித்து, உள்ளே உரசிக்கொள்கின்றன. அந்த உரசல்தான் ராக் அண்ட் ரோல். கர்நாடக சங்கீதத்தில் ஓரளவு தாளம் பயின்று வரும் மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும்: ஒருவர் 'தகிட' சொல்ல, இன்னொருவர் 'தகதிமி' சொல்ல, கைத்தட்டு பொதுவாக இருக்க வேண்டும். பின்னணிக்குத் தனி டிரம்ஸ் ஓடவிட்டுப் பயிற்சி செய்பவர்கள், அதை ஷஃபிளில் வைத்துவிட்டு நேராக அடித்துப் பழக வேண்டும். முதலில் கை தானாகவே ஊஞ்சலுக்குள் சரியும். சரியாமல் நிற்பதுதான் பயிற்சி.

அந்தக் காலக் கம்பிகள் இன்றையவற்றைவிடத் தடித்தவை. மூன்றாம் கம்பியும் சுற்றுக் கம்பி. அதை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது விரலுக்குப் பெரும்பாடு. ஐம்பதுகளின் சோலோக்களில் வழுக்கலும் இரட்டைக் கம்பி வாசிப்பும் அதிகமாகவும், நீண்ட வளைவுகள் குறைவாகவும் இருப்பதற்கு இது முக்கியமான காரணம். லூசியானாவின் ஜேம்ஸ் பர்ட்டன் இதற்கு வழி கண்டார்: மேல் கம்பிகளுக்குப் பதில் மெல்லிய பாஞ்சோ கம்பிகளைக் கட்டினார். ரிக்கி நெல்சன் பதிவுகளில் அவர் டெலிகாஸ்டர் குழைவதற்கு அதுவே காரணம். டென்னசியில் குத்தகைப் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்த கார்ல் பெர்கின்ஸுக்கு அறுந்த கம்பிக்குப் புதுக் கம்பி வாங்க வழியில்லை. முடிச்சுப் போட்டு மாட்டினார். முடிச்சின் மேல் விரலை வழுக்கினால் தோல் கிழியும் என்பதால் கம்பியை வளைத்து ஸ்வரம் பிடிக்கப் பழகினேன் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். அவருக்குக் கிட்டார் காட்டித்தந்தவர் ஜான் வெஸ்ட்புரூக் என்ற கறுப்பின முதியவர், அதே நிலத்தில் உழைத்தவர்.

கற்பவர்கள் ஓரிரு மாதமாவது தடித்த கம்பியில் வாசிப்பது நல்லது. சென்னைக் காற்றின் ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும்.

தனியாக நின்று வேலை செய்த எஃபெக்ட் கருவி அந்தக் காலத்தில் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டிஆர்மண்ட் நிறுவனம் நாற்பதுகளிலேயே டிரெமோலோ பெட்டி ஒன்றைச் செய்தது. உள்ளே சிறு குப்பியில் மின்சாரம் கடத்தும் திரவம். மோட்டார் அந்தக் குப்பியைக் குலுக்கும். திரவம் அலைந்து மின்முனையைத் தொடும்போதெல்லாம் கிட்டாரின் ஒலியில் ஒரு பகுதி தரைக்கு இறங்கிவிடும். விலகும்போது ஒலி மீண்டும் எழும். இந்தக் கருவியைத் தாளவாத்தியமாகவே ஆக்கியவர் போ டிட்லி. மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர், சிறுவயதில் வயலின் கற்றவர். 1955-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து அவர் வெளியிட்ட பாட்டில் கார்டு மாற்றமே அநேகமாக இல்லை. தாளம்தான் எல்லாம்.

அந்தத் தாளத்தை மேற்கத்திய முறையில் எழுதிக் காட்டினால் மிரளுகிறவர்கள், சொல்கட்டில் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. 3, 3, 4, 2, 4, மொத்தம் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓர் அழுத்தம். கியூபாவின் க்ளாவே தாளத்துக்கும் இதற்கும் வேர் ஒன்றே, ஆப்பிரிக்கா. இதில் டிரெமோலோவைச் சேர்க்கும்போது அதன் துடிப்பு 16 மாத்திரைகளோடு ஒத்துப்போகும்படி வேகக் குமிழை மெல்லத் திருப்ப வேண்டும். கண்ணால் எண்ணைப் பார்த்து வைப்பதைவிட, ஒரு கார்டை அடித்து ஒலிக்க விட்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டே திருப்பினால் காது சரியான இடத்தில் நிறுத்திவிடும்.

உடைந்த ஒலியின் கதை தனி. 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பதிவு செய்ய சாம் ஃபிலிப்ஸிடம் வந்தது. வழியில் கிட்டார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டுவிட்டது. ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். கரகரத்த அந்த ஒலியை ஃபிலிப்ஸ் மறைக்கவில்லை, முன்னால் கொண்டுவந்தார். 1958-இல் லிங்க் ரே, ஆம்ப்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் வேண்டுமென்றே ஓட்டைகள் போட்டு 'ரம்பிள்' வாசித்தார். ஒரு சொல்கூட இல்லாத இசை, தெருச் சண்டையைத் தூண்டும் என்று சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1961 வாக்கில் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாட்டொன்றில் கிரேடி மார்ட்டினின் பாஸ் கிட்டார், பழுதான மிக்ஸர் வழியாகப் போய் வண்டாய் ரீங்கரித்தது. ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து ஒரு சுற்றாக வடிவமைக்க, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் கடைக்கு வந்தது. பெடல்களின் காலம் அங்கேதான் தொடங்குகிறது.

கற்பவர்களுக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. ஐம்பதுகளின் கரகரப்பை ஃபஸ் பெடலில் தேடக் கூடாது. சின்ன வால்வு ஆம்ப்பைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்து வைத்து, கிட்டாரின் ஒலிக் குமிழைக் குறைத்து வாசிக்க வேண்டும். மெல்ல அடித்தால் தெளிவு. அழுத்தி அடித்தால் ஓரம் கிழியும். இரண்டுக்கும் நடுவே வாழ்வது வலது கையின் வேலை.

டுவேன் எடியின் ஒலிக்கு இடமே கருவி. அரிசோனாவின் ஃபீனிக்ஸில், தயாரிப்பாளர் லீ ஹேசல்வுட் பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கி ஸ்டுடியோவுக்கு வெளியே வைத்தார். 2,000 கேலன் கொள்ளளவு. ஒரு முனையில் ஸ்பீக்கர், மறு முனையில் மைக். பதிவுக்கு முன் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் பறவைகளை விரட்ட வேண்டியிருந்தது என்று எடி நினைவுகூர்ந்திருக்கிறார். 1958-இல் வந்த 'ரெபல் ரௌசர்' அங்கே பிறந்தது. தடித்த கம்பிகள் ஒலிப்பதிவில் வலுவாக நிற்கின்றன என்று கண்டு, எடி பாட்டையே கீழ்க் கம்பிகளுக்கு இறக்கினார். ஸ்வரங்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் நீண்ட இடம். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது மிகவும் கஷ்டம்; கை பரபரக்கும்.

வேகம் வேண்டுவோருக்கு டேனி செட்ரோன் இருக்கிறார். 1954 ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கில் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த க்ளாக்' பதிவுக்கு அழைக்கப்பட்டவர், இரண்டு வருடத்துக்கு முன் 'ராக் த ஜாயிண்ட்' பாட்டில் வாசித்த சோலோவையே ஏறக்குறைய அப்படியே மீண்டும் வாசித்தார். கூலி 21 டாலர். ஜூனில் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியதை அவர் பார்க்கவில்லை. அந்தச் சோலோவின் முடிவில் சரசரவென்று இறங்கும் வரிசையை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிக் மாறி மாறி அடித்து, அரை வேகத்தில் பிசகில்லாமல் வாசிக்க வந்த பிறகே வேகம் கூட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பெடல் வாங்கலாமா என்றால், தாராளமாக. எளிமையான டிலே ஒன்று போதும். தாமதம் 110 முதல் 140 மில்லி விநாடிக்குள். திரும்ப வருவது ஒரே முறை. எக்கோவின் அளவு அசலைவிடச் சற்றுத் தாழ்வாக. நாடாவில் எக்கோ வரும்போது கூர்மை மழுங்கி வரும், எனவே பெடலில் எக்கோவின் கூர்மையைக் குறைக்க வழி இருந்தால் குறைக்கவும். டிரெமோலோ பல ஆம்ப்களில் உள்ளேயே இருக்கிறது.

இந்தக் கலையெல்லாம் ஒரே கையில் கூடியதைக் கேட்க வேண்டுமானால் க்ளிஃப் கேலப். ஜீன் வின்சென்ட்டின் குழுவில் 1956-இல் மட்டும் வாசித்தவர். 35 பாட்டுகள் பதிவு செய்துவிட்டு, ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பினார். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையான பிக், நடுவிரலிலும் மோதிர விரலிலும் விரல் பிக், சுண்டுவிரல் சுருதியை அசைக்கும் பிக்ஸ்பி கைப்பிடியில். எக்கோவோடு சேர்ந்து அவர் வாசித்ததைப் பெரிய கிட்டார் மேதையான ஜெஃப் பெக் விடாமல் கேட்டு, 1993-இல் 'க்ரேஸி லெக்ஸ்' என்ற முழுத் தொகுப்பாகவே மீண்டும் வாசித்தார், கேலப் வைத்திருந்த மாதிரியே க்ரெட்ச் டுவோ ஜெட் கிட்டாரில். 'ரேஸ் வித் த டெவில்' பாட்டின் இரண்டு பதிவுகளையும் மாணவர்கள் அடுத்தடுத்துக் கேட்டு, சோலோவில் சுண்டுவிரல் பிக்ஸ்பியைத் தொடும் இடங்களைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அடுத்த வாரத்துக்கு அதுதான் வீட்டுப்பாடம்.